பரீட்சகரின் கதிரை வெறுமையாகும்போது

2022 ஆம் ஆண்டுக்குரிய கல்விப் பொதுத் தராதர உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரி 23 ஆம் திகதி ஆரம்பமாகிப் பெப்ரவரி 17 ஆம் திகதி முடிவுற்றது. மூன்று இலட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதற்கு விண்ணப்பித்திருந்தனர். பெறுபேறுகள் வெளியானதோ செப்டெம்பர் 4 ஆம் திகதியாகும். இடைப்பட்ட ஆறரை மாதங்களும் அந்த மாணவர்களுக்கு எவ்வாறு கழிந்தன என்பதை அவர்களது பெற்றோரே அறிவர். தாமதத்துக்குக் காரணங்கள் ஒன்றல்ல. எனினும் அனைவரது நினைவிலும் நிற்பது, புதிய வருமான வரி முறைக்கு எதிராகப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் விடைத்தாள் மதிப்பீட்டிலிருந்து விலகி நின்றமையேயாகும். மாத வருமானம் ஓர் இலட்சம் ரூபாவைத் தாண்டுவோரிடம் 6 வீதத்திலிருந்து 36 வீதம் வரை படிப்படியாக அறவிடும் அந்த முறை அவ்வாண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. ஏப்ரல் மாதத்தில் விரிவுரையாளர்கள் மதிப்பீட்டுப் பணிக்குத் திரும்ப இணங்கிய போதிலும், மே 15 ஆம் திகதி தொடங்கவிருந்த சாதாரண தரப் பரீட்சை 29 ஆம் திகதிக்குப் பிற்போடப்பட்டது. ஒரு பரீட்சையின் மதிப்பீடு தடைப்பட்டதால் மற்றொரு பரீட்சையே நகர வேண்டியதாயிற்று.

அந்நாட்களில் இரு கூற்றுகள் மீண்டும் மீண்டும் ஒலித்தன. மாணவர்களைப் பணயமாக வைத்துப் போராடுகிறார்கள் என்றது அரச தரப்பு. நாம் எமது வேலையை மறுக்கவில்லை, எமது வேலையல்லாத ஒன்றிலிருந்து விலகியிருக்கிறோம் என்றது மறுதரப்பு. முதலாவது கூற்றை விளங்கிக் கொள்வதற்கு எவருக்கும் விளக்கம் தேவையில்லை. இரண்டாவது கூற்று அத்தகையதன்று. பரீட்சகராகக் கடமையாற்றுவது ஆசிரியரின் வேலையா, அல்லவா என்ற கேள்வியை நாம் சாவகாசமாக ஆராய்ந்ததில்லை. பரீட்சை நெருங்கும்போது எழுந்து, பெறுபேறு வெளியானதும் மறக்கப்படும் கேள்வி அது.

எமது நாட்டில் நடைமுறை எவ்வாறுள்ளது? விடைத்தாள்களை மதிப்பிடுவதற்கும் செயன்முறைப் பரீட்சைகளை நடத்துவதற்கும் பரீட்சைத் திணைக்களம் தகுதியுள்ளோரிடமிருந்து விண்ணப்பம் கோருகிறது. விரும்பியவர் விண்ணப்பிக்கலாம், விரும்பாதவர் ஒதுங்கியிருக்கலாம். தெரிவு செய்யப்பட்டவருக்குக் கடமை விடுமுறையும் ஒரு கொடுப்பனவும் உண்டு. அவரது நியமனக் கடிதத்திலோ நேரசூசியிலோ இந்த வேலை இடம்பெறுவதில்லை. 1968 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கப் பொதுப் பரீட்சைகள் சட்டம் பரீட்சையின் இரகசியத்தைக் காப்பது பற்றியும் மோசடிகளைத் தண்டிப்பது பற்றியும் பேசுகிறது. விண்ணப்பிக்காத ஆசிரியர் ஒருவரைப் பிடித்துவந்து பரீட்சகராக்கும் ஏற்பாடாக எவரும் அதனை இதுவரை வாசித்ததில்லை.

அவ்வாறாயின் ஆசிரியர்கள் ஏன் விண்ணப்பிக்கின்றனர்? பணத்துக்காக என்று கூறுவோர் அந்தக் கொடுப்பனவின் அளவை அறியாதவராகவே இருத்தல் வேண்டும். கொடுப்பனவு, பயணச் செலவு, தங்குமிடம் ஆகியன பற்றிய முறைப்பாடுகள் ஆண்டுதோறும் எழுபவை. உண்மைக் காரணம் வேறு. புள்ளித் திட்டத்தைக் கையிலெடுத்து நூற்றுக்கணக்கான விடைகளைப் பார்த்தவர், எங்கே மாணவர் தடுமாறுகின்றனர் என்பதை வேறெந்தப் பயிற்சியிலும் அறிய முடியாத அளவுக்கு அறிந்துகொண்டு வகுப்பறைக்குத் திரும்புகிறார். சக ஆசிரியர் மத்தியில் அது ஒரு மதிப்பு. பரீட்சகராக இருந்தவர் என்ற பெயர் தனியார் வகுப்புகளில் விலைபோகும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இவற்றுக்கெல்லாம் மேலாக, தம்மை உருவாக்கிய முறைமைக்குத் தாமும் ஏதாவது செய்தல் வேண்டும் என்ற எண்ணம் முன்னைய தலைமுறை ஆசிரியர்களிடம் வலுவாக இருந்தது. அரசாங்கம் பரீட்சைகளை நடத்துவது இந்த எண்ணத்தின் மீதேயாகும். அதற்கு வரவு செலவுத் திட்டத்தில் தலைப்பு எதுவுமில்லை.

விடைத்தாளைப் பொறுத்தவரை, பரீட்சகர் வராவிட்டால் அது பொதியில் கட்டப்பட்டுக் களஞ்சியத்தில் காத்திருக்கும். மூன்று மாதம் கழித்துத் திறந்தாலும் மாணவர் எழுதிய எழுத்து மாறாது. வாய்மொழிப் பரீட்சையும் செயன்முறைப் பரீட்சையும் அவ்வாறானவையல்ல. பரீட்சார்த்தி பேச வேண்டும், பாட வேண்டும், ஆட வேண்டும். எதிரே ஒருவர் அமர்ந்து அதே கணத்தில் கேட்க வேண்டும், பார்க்க வேண்டும். அந்தக் கதிரையில் ஆள் இல்லையெனில் மதிப்பிடுவதற்கு எதுவுமே இல்லை. பரீட்சையே நடைபெறவில்லை என்பதுதான் பொருள். தொழிற்பிணக்கொன்றில் தன்னார்வப் பணியிலிருந்து விலகுவது எத்துணை வலிமையான ஆயுதம் என்பது இங்கேதான் முழுமையாக வெளிப்படுகிறது. அதனால் ஏற்படும் பாதிப்பும் இங்கேதான் திருத்த முடியாததாகிறது.

இதற்கு அயர்லாந்தின் அனுபவம் சிறந்த உதாரணமாகும். அங்கே மேல்நிலைக் கல்வியின் முடிவில் நடைபெறும் இறுதிச் சான்றிதழ்ப் பரீட்சையில் ஐரிஷ் மொழிக்கும் பிரெஞ்சு, ஜேர்மன் போன்ற பிறமொழிகளுக்கும் வாய்மொழிப் பகுதி உண்டு. பரீட்சார்த்தி ஒருவர் பரீட்சகர் ஒருவருடன் சுமார் கால் மணி நேரம் தனித்து அமர்ந்து உரையாட வேண்டும். பரீட்சகர் வேறொரு பாடசாலையைச் சேர்ந்த ஆசிரியர். அவர் இப்பணிக்குத் தாமாகவே விண்ணப்பித்து, தமது வகுப்புகளை மற்றொருவரிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் ஊராகச் செல்பவர். தாம் கற்பித்த பிள்ளைக்குத் தாமே புள்ளியிடலாகாது என்பது அந்த நாட்டவர் விடாது பற்றி நிற்கும் கொள்கை. ஐரிஷ் மொழியைப் பேசுவோர் அருகி வரும் நிலையில், அம்மொழி ஏட்டில் மட்டும் எஞ்சிவிடக்கூடாது என்பதற்காகவே 2012 ஆம் ஆண்டு முதல் ஐரிஷ் பாடத்தின் மொத்தப் புள்ளிகளில் 40 வீதம் வாய்மொழிக்கு ஒதுக்கப்பட்டது. அதற்கு முன் அது 25 வீதமாக இருந்தது. மொழியைக் காக்கும் கொள்கையொன்று, விண்ணப்பித்தாலன்றி எவரும் செய்யக் கடமைப்படாத பணியொன்றின் மீது இவ்வளவு பாரத்தை ஏற்றிவைத்திருப்பது கவனிக்கத்தக்கதாகும்.

2000 ஆம் ஆண்டில் அந்நாட்டின் இடைநிலைப் பாடசாலை ஆசிரியர் சங்கம் 30 வீதச் சம்பள உயர்வு கோரிப் போராட்டத்தில் இறங்கியது. அரசாங்கமும் தொழில்தருநரும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து செய்துகொண்ட தேசிய உடன்படிக்கையின் கீழ் அத்தகைய உயர்வுக்கு இடமிருக்கவில்லை. எனவே சங்கம் அவ்வாண்டு ஜனவரியிலேயே தொழிற்சங்கக் காங்கிரஸிலிருந்து வெளியேறியிருந்தது. அயர்லாந்தின் பொருளாதாரம் அப்போது உச்சத்தில் இருந்தது. தமக்கு மட்டும் அதன் பங்கு வரவில்லை என்பது ஆசிரியர்களின் மனக்குறை. நவம்பர் மாதத்தில் ஒருநாள் வேலைநிறுத்தங்கள் தொடங்கின. ஆனால் பாடசாலைகளை உண்மையில் மூடவைத்தது வேலைநிறுத்தமன்று. இடைவேளைகளில் மாணவரைக் கண்காணிப்பதும், வராத ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்வதும் ஆசிரியர்கள் காலங்காலமாகச் செய்துவந்த வேலைகள். இவை ஒப்பந்தத்தில் இல்லாதவை, நாம் விரும்பிச் செய்தவை, இனிச் செய்யோம் என்று சங்கம் அறிவித்தது. கண்காணிப்பில்லாத வளவில் பிள்ளைகளை விட முடியாது என்பதால் பாடசாலைகள் கதவடைத்தன. தாம் எதற்குச் சம்பளம் கொடுக்கிறோம், எதை இனாமாகப் பெறுகிறோம் என்பதை அரசாங்கம் முதன்முறையாகக் கணக்கிட்டுப் பார்த்தது அப்போதுதான் எனலாம்.

அதே தர்க்கம் 2001 ஆம் ஆண்டில் பரீட்சைகளை நோக்கித் திரும்பியது. பரீட்சகராவது இடைவேளைக் கண்காணிப்பைவிடவும் தெளிவான தன்னார்வப் பணி. அதற்குத் தனி விண்ணப்பமே இருக்கிறது. ஆண்டு இறுதியில் வருவது எழுத்துப் பரீட்சை. அதற்கு முன்னதாகவே வாய்மொழிப் பரீட்சையும் செயன்முறைப் பரீட்சையும் வந்துவிடும். ஆகவே முதலில் ஆட்டங்காணக்கூடியவை அவையே. அவை நடக்குமா, நடக்காதா என்ற கலக்கம் இறுதியாண்டு மாணவரின் வீடுகளில் குடிகொண்டது. ஆசிரியரல்லாதோரைச் சேர்த்துப் பரீட்சைகளை நடத்தும் மாற்று ஏற்பாடுகளை அப்போதைய கல்வியமைச்சர் மைக்கல் வூட்ஸின் அமைச்சு ஆராய்ந்தது. தொழிற்பயிற்சிப் பாடசாலைகளில் பெரும்பான்மையாக இருந்த மற்றைய ஆசிரியர் சங்கம் இந்தப் போராட்டத்தில் இணையவில்லை. ஆகவே ஒரே பணிக்கு விண்ணப்பிக்கும் இரு ஆசிரியர்களுள் ஒருவர் செல்லலாம், மற்றவர் செல்லலாகாது என்ற இக்கட்டான நிலை. தன்னார்வம் என்ற சொல் ஒருவருக்கு நற்பணியாகவும் மற்றொருவருக்குக் காட்டிக்கொடுப்பாகவும் ஒலிக்கும் காலம் தொழிற்பிணக்குகளில் வந்தே தீரும். இறுதியில் அவ்வாண்டின் பரீட்சைகள் நடைபெற்றன. 30 வீதம் கிடைக்கவில்லை.

கண்காணிப்புப் பணியின் பின்கதைதான் எமக்குச் சுவையானது. தன்னார்வமாக இருந்த அது, பிணக்கின் விளைவாகத் தனிக் கொடுப்பனவு பெறும் பணியாக மாறியது. பத்தாண்டு கழித்து நாடு நிதி நெருக்கடியில் வீழ்ந்தபோது, 2013 ஆம் ஆண்டின் உடன்படிக்கை அதனைக் கட்டாயக் கடமையாக்கி, அந்தத் தனிக் கொடுப்பனவை நிறுத்தியது. அதன் ஒரு பகுதி மட்டும் பின்னர் சம்பளத்துடன் சேர்க்கப்பட்டது. விரும்பிச் செய்த வேலைக்கு விலை கேட்டவர்கள், விலையைப் பெற்று, பின்னர் விருப்பத்தையும் விலையின் ஒரு பகுதியையும் இழந்தனர். வாய்மொழிப் பரீட்சகர் பணி மட்டும் இன்றும் விண்ணப்பத்தின் மூலமே நிரப்பப்படுகிறது. 2003 இல் அமைக்கப்பட்ட அரச பரீட்சைகள் ஆணைக்குழு ஆண்டுதோறும் ஆட்களைத் தேடுகிறது. பதில் ஆசிரியர்கள் கிடைக்காத தட்டுப்பாடு காரணமாக, 2022 முதல் வாய்மொழிப் பரீட்சைகள் உயிர்த்த ஞாயிறு விடுமுறையின் முதல் வாரத்துக்கு மாற்றப்பட்டன. ஆசிரியர் தமது விடுமுறையை விட்டுக்கொடுத்தே இப்போது அந்தக் கதிரையில் அமர வேண்டியுள்ளது.

இங்கிலாந்து வேறு வழியில் சென்றது. 1980 களின் நடுப்பகுதியில் அங்கு நீண்ட சம்பளப் பிணக்கொன்று நிகழ்ந்தது. மதிய உணவு வேளைக் கண்காணிப்பு, மாலைநேரப் பெற்றோர் கூட்டம், வார இறுதி விளையாட்டுப் போட்டி ஆகியவற்றிலிருந்தெல்லாம் ஆசிரியர்கள் நல்லெண்ணத்தை மீளப் பெற்றனர். தட்சரின் அரசாங்கம் 1987 இல் ஆசிரியர் சம்பளம் மற்றும் வேலை நிபந்தனைகள் பற்றிய சட்டத்தைக் கொண்டுவந்து, சம்பளப் பேச்சுவார்த்தைக்கான பழைய பொறிமுறையையே கலைத்தது. ஓர் ஆசிரியர் ஆண்டுக்கு 195 நாட்கள், 1,265 மணித்தியாலங்கள் அதிபரின் பணிப்பின்படி கடமையாற்ற வேண்டும் என எழுத்தில் வகுக்கப்பட்டது. மாணவரைப் பொதுப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்வதும் பரீட்சையின் பொருட்டு அவர்களை மதிப்பிடுவதும் கடமைப் பட்டியலில் சேர்ந்தன. 1988 இல் முதன்முதலாக நடைபெற்ற பொதுச் சான்றிதழ்ப் பரீட்சையில் பிறமொழி வாய்மொழித் தேர்வை வகுப்பாசிரியரே நடத்தி, ஒலிநாடாவில் பதிவு செய்து, பரீட்சைச் சபையின் மேற்பார்வைக்கு அனுப்பும் முறை வந்தது. அந்த ஒலிநாடா சாதாரண விடயமன்று. காற்றோடு போகும் பேச்சை விடைத்தாளைப் போலக் களஞ்சியப்படுத்தக்கூடிய பொருளாக அது மாற்றியது. ஆனால் மணித்தியாலம் எண்ணப்பட்ட பின்னர் எண்ணிக்கைக்கு அப்பால் உழைக்கும் மனமும் குறைந்தது. பாடசாலை விளையாட்டு அந்தப் பிணக்கின் பின் பழைய நிலைக்குத் திரும்பவேயில்லை என்ற முறைப்பாடு அங்கே நெடுங்காலம் கேட்டது.

சட்டத்தில் எழுதிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என எண்ணுவோர் பிரான்ஸைப் பார்க்க வேண்டும். அங்கே பரீட்சைக் குழுக்களில் பங்கேற்பது ஆசிரியரின் வழமையான கடமையாகவே கொள்ளப்படுகிறது. இருந்தும் 2019 ஆம் ஆண்டில், உயர்தரப் பாடசாலைச் சீர்திருத்தத்தை எதிர்த்த ஆசிரியர்களுள் ஒரு பகுதியினர் விடைத்தாள்களைத் திருத்தி முடித்துவிட்டுப் புள்ளிகளைக் கையளிக்க மறுத்தனர். 20 க்கு 8 முதல் 10 இற்குள் சராசரி பெற்றோர் அங்கு இரண்டாம் கட்ட வாய்மொழிப் பரீட்சைக்குத் தோற்றித் தேர்ச்சி பெறலாம். எழுத்துப் புள்ளி தெரியாவிடின் யார் சித்தி, யார் வாய்மொழிக்குரியவர் என்பதே தெரியாது. புள்ளி வராத பாடங்களுக்கு ஆண்டு முழுவதும் வகுப்பறையில் பெற்ற சராசரியைத் தற்காலிகமாக இடும்படி கல்வியமைச்சர் பிளாங்கே பணித்தார். உண்மைப் புள்ளி பின்னர் வந்து, அது கூடுதலாக இருப்பின் அதுவே செல்லும் என்றும் அறிவிக்கப்பட்டது. மாணவர் தப்பினர். ஆனால் ஒரே பரீட்சையில் சிலருக்குப் பரீட்சைப் புள்ளியும் சிலருக்கு வகுப்பறைப் புள்ளியும் இடப்பட்டதை நீதியான தீர்வு என்று கூறப் பல குழுக்களில் இருந்த ஆசிரியர்களே மறுத்தனர். கடமையென்று எழுதப்பட்ட பணியிலும் ஒருவரது மனம் ஒப்பாதபோது பரீட்சை தடுமாறும் என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை.

எமது நாட்டுக்குத் திரும்புவோம். பல்கலைக்கழக ஆசிரியர்கள் 2023 க்கு முன்னரும் இவ்வழியை நாடியுள்ளனர். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்கக் கோரி 2012 ஜூலை 4 முதல் ஒக்டோபர் நடுப்பகுதி வரை அவர்கள் நடத்திய நூறு நாட் போராட்டத்தின்போதும் உயர்தர விடைத்தாள் மதிப்பீடு பிரச்சினைக்குள்ளாயிற்று. பாடசாலை ஆசிரியர்களின் போராட்டம் 2021 இல் நிகழ்ந்தது. 1997 இலிருந்து தீர்க்கப்படாதிருந்த சம்பள முரண்பாட்டை முன்வைத்து, ஜூலை 12 முதல் அவர்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினர். இணையவழிக் கற்பித்தலும் எந்த நியமனக் கடிதத்திலும் எழுதப்படாத வேலைதான். தமது கைத்தொலைபேசியில், தமது செலவில் அதனைச் செய்துவந்தோம் என அவர்கள் கூறியதை எவரும் மறுத்துரைக்கவில்லை. பரீட்சை விண்ணப்பங்களை அனுப்பும் பணியிலிருந்தும் அதிபர்களும் ஆசிரியர்களும் ஒதுங்கினர்; முடிவுத் திகதிகள் நீடிக்கப்பட்டன. ஒக்டோபர் 25 ஆம் திகதியே ஆசிரியர்கள் பாடசாலைக்குத் திரும்பினர். அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் சம்பள முரண்பாட்டைத் தீர்க்க 30 பில்லியன் ரூபா ஒதுக்கப்பட்டது.

அதே காலப்பகுதியில் நிகழ்ந்த மற்றொன்றைப் பலர் மறந்துவிட்டனர். 2021 மார்ச்சில் நடைபெற்ற சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறுகள் செப்டெம்பர் 23 ஆம் திகதி வெளியானபோது, அழகியல் பாடங்களின் பெறுபேறுகள் அவற்றுள் இருக்கவில்லை. சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் போன்ற பாடங்களுக்கான செயன்முறைப் பரீட்சைகளை நடத்த முடியாமற் போனமையே காரணம். அதற்குப் பெருந்தொற்றே அடிப்படை. ஆசிரியர் போராட்டத்தின் தலையில் அதனைக் கட்டுவது நியாயமாகாது. ஆயினும் பரீட்சகரின் கதிரை வெறுமையாகும்போது முதலில் வீழ்வது எது என்பதை அந்தப் பெறுபேற்றுத் தாள் காட்டியது. கணிதமும் விஞ்ஞானமும் எழுதியாயிற்று, திருத்தியாயிற்று. ஐந்தாண்டுகள் வர்ணமும் அடவும் பயின்ற பிள்ளைக்கோ அந்த இடம் வெற்றிடமாக நின்றது.

தமிழ்மொழி மூலம் கற்கும் மாணவர்களைப் பொறுத்தவரை இதில் மேலும் ஒரு கவலை உண்டு. தமிழ்மொழி மூலப் பரீட்சகர் தொகை இயல்பாகவே சிறியது. வடக்கு, கிழக்கு, மலையகம் ஆகிய பகுதிகளின் தமிழ் மாணவர்களும் நாடெங்கும் பரந்துள்ள முஸ்லிம் மாணவர்களில் மிகப் பெரும்பாலானோரும் இந்தச் சிறு தொகையினரையே நம்பியிருக்கின்றனர். கர்நாடக சங்கீதம், பரதம் போன்ற பாடங்களில் அது மேலும் சுருங்குகிறது. தாம் கற்பித்த மாணவரைத் தாமே மதிப்பிடலாகாது என்ற விதியையும் காக்க வேண்டுமாயின், ஒரு மாவட்டத்தின் ஆசிரியர் மற்றொரு மாவட்டத்துக்குச் சென்றேயாக வேண்டும். சிங்களமொழி மூலத்தில் நூறு பேர் விலகினால் மேலும் நூறு பேரைத் தேடலாம். எமது பக்கத்தில் பத்துப் பேர் விலகினாலே ஒரு பாடம் நின்றுவிடும். வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளை நடத்தியும் அவற்றுக்குத் தோற்றியும் வந்த தலைமுறையினர், பரீட்சகராக அமர்வதை ஒரு கௌரவமாகவே கருதினர். அந்தத் தலைமுறை ஓய்வுபெற்று வருகிறது. அவர்களது இடத்துக்கு இளம் ஆசிரியர்களை ஆயத்தம் செய்வதற்கு வலயக் கல்வி அலுவலகங்கள் காட்டும் அக்கறை போதுமானதன்று.

வாய்மொழிப் பரீட்சை எமக்கு அந்நியமான விடயம் என எண்ண வேண்டியதில்லை. அரச ஊழியர் மற்றைய அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்ற நிபந்தனையின் கீழ் நடைபெறும் பரீட்சைகளில் வாய்மொழிப் பகுதியும் அடங்கும். பாடசாலைகளில் ஆங்கிலத்தையும் இரண்டாம் தேசிய மொழியையும் பேசும் ஆற்றலுடன் கற்பிக்க வேண்டும் என்ற கோரிக்கை ஒவ்வொரு கல்விச் சீர்திருத்தத்தின்போதும் எழுகிறது. பேச்சைச் சோதிக்காத பரீட்சையை வைத்துக்கொண்டு பேச்சைக் கற்பிக்க முடியாது என்பது உண்மை. ஆனால் இலட்சக்கணக்கான பிள்ளைகளை ஒவ்வொருவராக எதிரே அமர்த்திப் பேசவைப்பதற்கு எத்தனை பரீட்சகர் வேண்டும், அவர்களை எவ்வாறு கடமைக்கு வரச்செய்வது, பிணக்கொன்று வெடித்தால் என்ன செய்வது என்பவற்றைச் சீர்திருத்தத்தை வரைவோர் முன்கூட்டியே யோசித்ததாக எமக்குத் தெரியவில்லை.

எமது அபிப்பிராயத்தில், தன்னார்வப் பணியிலிருந்து விலகும் ஆசிரியரைக் கடமை தவறியவர் எனச் சாடுவதற்கு அரசாங்கத்துக்குத் தார்மிக உரிமை இல்லை. இருபது ஆண்டு விரும்பிச் செய்தமையால் ஒரு வேலை இருபத்தோராம் ஆண்டில் கடமையாகிவிடாது. 1979 ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொதுச் சேவைகள் சட்டத்தைக் காட்டி அச்சுறுத்துவதாலும் பயனில்லை. விடைத்தாளை வற்புறுத்தித் திருத்தச் செய்தால் கிடைப்பது வெறுப்போடு இடப்பட்ட புள்ளியேயாகும். வாய்மொழிப் பரீட்சையில் நிலைமை இன்னும் மோசமானது. பயந்து நடுங்கியபடி அறைக்குள் நுழையும் பதினாறு வயதுப் பிள்ளையிடம் முதற் கேள்வியைப் புன்னகையோடு கேட்க வேண்டிய ஒருவரை, வர்த்தமானி அறிவித்தலைக் காட்டி அங்கே அமர்த்திவிட முடியுமா?

அதேவேளை தொழிற்சங்கங்களிடமும் நாம் ஒன்றைக் கூற வேண்டியுள்ளது. விடைத்தாளையும் வாய்மொழி, செயன்முறைப் பரீட்சைகளையும் ஒரே தட்டில் வைக்கலாகாது. மதிப்பீடு தாமதித்தால் மாணவர் காலத்தை இழக்கிறார். 2023 இல் இழந்தது போல அது பாரிய இழப்பே. ஆனால் அவர் எழுதியது அவ்வாறே இருக்கும். செயன்முறைப் பரீட்சை நடக்காவிட்டால் அவர் இழப்பது தமது திறமையைக் காட்டும் சந்தர்ப்பத்தையே. குரல் உடையும் வயதிலுள்ள பையன் ஆறு மாதம் கழித்து அதே குரலோடு வரமாட்டான். சம்பளத்தைத் தீர்மானிக்கும் அமைச்சருக்கு இதனால் நட்டமேதுமில்லை. தனியார் வகுப்புக்கும் வெளிநாட்டுப் பரீட்சைக்கும் வசதியுள்ள குடும்பம் வேறு வழி காணும். வவுனியாவிலோ கிண்ணியாவிலோ பதுளையிலோ உள்ள கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு வேறு வழி இல்லை.

ஆகவே பிணக்கு எதுவும் இல்லாத அமைதியான வேளையில் அமைச்சும் ஆசிரியர் சங்கங்களும் அமர்ந்து பேச வேண்டிய விடயம் இது. பரீட்சகர் பணிக்கு அதன் உழைப்புக்கேற்ற கொடுப்பனவும், அது உரிய காலத்தில் கிடைக்கும் என்ற உத்தரவாதமும் வேண்டும். பரீட்சகராகச் சென்ற காலம் பதவி உயர்வில் கணக்கிடப்பட வேண்டும். பதிலுக்கு, வாய்மொழிப் பரீட்சைகளையும் செயன்முறைப் பரீட்சைகளையும் எந்தப் போராட்டத்திலிருந்தும் விலக்கி வைப்பதாகச் சங்கங்கள் எழுத்தில் உடன்பட வேண்டும். பரீட்சையை ஒலி, ஒளிப்பதிவு செய்யும் ஏற்பாடு இன்று ஒரு கைத்தொலைபேசியின் விலையில் அடங்கக்கூடியது. எதிர்பாராத இடைவெளி நேர்ந்தால் பாடசாலை மட்டத்தில் பதிவு செய்து பின்னர் மதிப்பிடுவதற்கு அது உதவும். கொடுப்பனவை உயர்த்த நிதி இல்லை என்ற பதில் வரக்கூடும். அவ்வாறாயின், 2023 இல் ஆறரை மாதம் காத்திருந்தவர்கள் பிந்திப் பல்கலைக்கழகம் புகுந்ததால் நாடு இழந்தது எவ்வளவு என்பதையும் திறைசேரி கணக்கிட்டு மேசையில் வைக்கட்டும்.